சிறுத்தையார் காணாத சிறுத்தை

ஆபிரிக்கக் காட்டுக்கு அதிக தடவை போய், அதிக காசு செலவழித்து, அதிகமான கற்களைப் பார்த்துவிட்டு வந்த மனிதர் யார் என்று உலக அளவில் ஒரு போட்டி வைத்தால், லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் இருக்கும் எங்கள் சிறுத்தையார்தான் முதலாவதாக வருவார். இரண்டாவது ஆள் அவருக்குக் கிட்டவும் வரமுடியாது.

அவருடைய இயற்பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. டிராம் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை கென்யாவுக்குச் சஃபாரி போவார். போகும்போது, "இந்த முறை சிறுத்தை நிச்சயம்" என்பார். திரும்பி வந்து, "மயிரிழையில தப்பிட்டுது தம்பி" என்பார். யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் கண்டாயிற்று. சிறுத்தை மட்டும் ஒருநாளும் கண்ணில் படவில்லை. எங்கள் சனம் சும்மா விடுமா? சிறுத்தையார் என்று பெயர் வைத்துவிட்டது. அவருக்கும் அதில் ஒரு பெருமைதான்.

கடையில் கல்லாவுக்கு மேலே பைனாகுலர் தொங்கும். பின்பக்கத்துக் குப்பைத் தொட்டிக்கு வரும் நரியை வைத்துப் பயிற்சி எடுப்பார். சஃபாரி வண்டியில் மிருகம் நிற்கும் திசையைக் கடிகாரத்தை வைத்துச் சொல்வார்கள். நேர் முன்னால் என்றால் பன்னிரண்டு மணி, வலது கைப் பக்கம் என்றால் மூன்று மணி. இந்தப் பழக்கத்தைச் சிறுத்தையார் கடைக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்.

"அண்ணை, கடுகு எங்கை இருக்கு?"

"மூண்டு மணிப் பக்கம், கீழ்த்தட்டு. சத்தம் போடாமல் போங்கோ."

சத்தம் கேட்டால் கடுகு பாய்ந்து ஓடிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

இந்தக் கூத்தையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவி, கடையக்கா. விடியற்காலையில் சிறுத்தையார் கடையைத் திறப்பார். மத்தியானம் அக்கா வந்ததும் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைப்பார். இரவு அக்கா கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது வாசலிலேயே குறட்டை கேட்கும். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இதே கதைதான். "சஃபாரிக்கு நீயும் வாவன்" என்று ஒவ்வொரு வருடமும் அவர் கேட்பார். "கடையை ஆர் பாக்கிறது?" என்று ஒவ்வொரு வருடமும் அக்கா கேட்பார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

ஒரு வருடம் அக்காவின் பொறுமை போய்விட்டது. கணவரை ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வண்டி ஓட்டிக்கொண்டு போனது நான்.

"இஞ்சாருங்கோ, இந்த முறை நானும் வாறன். கடையைத் தங்கச்சி பாப்பாள். உந்தச் சிறுத்தையைக் கண்டிட்டால் அதோட உந்த விசர் முடியவேணும். பிறகு ஆபிரிக்கா எண்ட கதையே வரக்கூடாது. கற்பூரத்தில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ!"

எங்கள் ஆட்கள் வேறு எந்த வாக்கை மறந்தாலும் கற்பூரத்தில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறமாட்டார்கள். சிறுத்தையார் எரிகிற கற்பூரத்தைப் பார்த்தார், முருகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மேலே கோபுரச் சிற்பத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லாமல் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுக் கையை உதறினார்.

"தம்பியும் வரட்டும்" என்றார் அக்கா. "கண்டிட்டுக் காணேல்லை எண்டு மழுப்புவார். சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்."

இப்படித்தான் கமராவும் கழுத்துமாக நானும் கென்யாவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

முதல் நாள் சவாரியில் சிறுத்தையார் தன் திறமையைக் காட்டினார். "சிங்கம்! பத்து மணிப் பக்கம்!" என்று கத்தினார். அது கறையான் புற்று. "காண்டாமிருகம்!" என்றார். அது கல். ஓட்டுநர் ஜோசப் மிகவும் பண்பான மனிதர். ஒவ்வொரு கல்லுக்கும் வண்டியை நிறுத்தி, "நல்ல கல் சார்" என்று ஆங்கிலத்தில் பாராட்டிவிட்டுப் போனார். ஜீப்பில் சத்தம் போடக்கூடாது, வாசனை வரக்கூடாது என்பது விதி. அக்காவோ லண்டனிலிருந்து கட்டிக்கொண்டு வந்த காரமான கட்டைச்சம்பல் போத்தலைத் திறந்து பாண் துண்டில் பூசிக்கொண்டிருந்தார். காற்று அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு மான்கூட்டமே இடம் மாறிப் போனது.

இரண்டாம் நாள் ஒரு யானைக்குட்டி தாயின் காலுக்குள் தடுக்கி விழுந்து எழும்பியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்து கணவரின் தோளில் சாய்ந்துவிட்டார். கல்லாவுக்குப் பின்னால் ஒருநாளும் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. சிறுத்தையார் யானையைப் பார்க்கவில்லை, மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி, ஊதி ஆற்றி, அவர் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து பின்சீட்டில் இரண்டு பேரும் ஒட்டியபடிதான் இருந்தார்கள்.

கடைசி நாளுக்கு முதல்நாள் பின்னேரம் அவர் என்னைக் கூடாரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். முகம் வாடியிருந்தது.

"தம்பி, நாளைக்குச் சிறுத்தையைக் கண்டிட்டால் என்ன செய்யிறது?"

"என்ன அண்ணை இது? இவ்வளவு காலமும் அதுக்குத்தானே அலைஞ்சனீங்கள்?"

"கண்டால் அதோட சரி. பிறகு பழையபடி அவ மத்தியானம் வருவா, நான் கடைத் திறப்பைக் குடுத்திட்டு வீட்டை போவன். சத்தியமெல்லே பண்ணிப்போட்டன்."

காணாமல் இருக்க வழியா இல்லை, இத்தனை வருடம் காணாமல்தானே இருந்தீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஜீப்பை எடுக்கவிடாமல் அக்கா மறித்தார். கடைசிச் சவாரி, பிள்ளையாரைக் கும்பிட்டுத்தான் புறப்படவேண்டுமாம். பெட்டிக்குள்ளிருந்து கடையிலிருந்து கொண்டுவந்த தேங்காய் வெளியே வந்தது. ஜீப்பின் நாலு சில்லுக்குக் கீழேயும் எலுமிச்சங்காய் வைத்தார்கள். டயர் வெடித்தால் மாற்றுவதற்கு ஆள் இல்லையே என்று ஜோசப் கவலையோடு குனிந்து பார்த்தார். சிறுத்தையார் கண்ணை மூடி நெடுநேரம் எதையோ வேண்டிக்கொண்டு தேங்காயை ஓங்கி அடித்தார்.

சத்தம் கேட்டதும் எங்கிருந்தோ பபூன் குரங்குகள் வந்து குதித்தன. எங்களைச் சட்டை செய்யாமல் தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தன. ஒரு பெரிய கடுவன் சிறுத்தையாரின் கையிலிருந்த பாதியையும் பறித்துக்கொண்டு போனது. நாங்கள் பாய்ந்து ஜீப்பில் ஏறிவிட்டோம்.

திடீரென்று குரங்குகள் எல்லாம் தேங்காயைப் போட்டுவிட்டு ஒரே பக்கம் பார்த்துக் குரைக்கத் தொடங்கின. ஜோசப்பின் குரல் இறங்கியது.

"சார், மூன்று மணிப் பக்கம். மரத்தில். சிறுத்தை."

கிளையில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது. காலை வெயிலில் புள்ளி புள்ளியாக மின்னியது. வால் மட்டும் மெல்ல ஆடியது. நான் கண்ட அழகிலேயே அழகு அதுதான்.

சிறுத்தையாரின் பைனாகுலர் நேரே அந்தக் கிளையில் நின்றது. எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தார் என்று தெரியாது. பிறகு மெல்ல அதை இறக்கினார்.

"ஒண்டும் தெரியேல்லை" என்றார். "ஏதோ கொடி தொங்குது."

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். இனி மாட்டினார் மனிதர் என்று நினைத்தேன். அக்காவும் அந்தக் கிளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. கணவரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஓம், கொடிதான்" என்றார். "என்ன செய்யிறது? அடுத்த வருஷமும் வரத்தானே வேணும்."

சிறுத்தை இல்லை என்று அக்கா தலையாட்டிக் காட்டியதும் ஜோசப் பாவம், தன் கண்ணில்தான் கோளாறோ என்று கசக்கிப் பார்த்தார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீர் சாட்சியெல்லோ? சொல்லும்."

கமரா என் கழுத்தில்தான் தொங்கியது. சிறுத்தை எங்களைப் பார்த்துக் கொட்டாவி வேறு விட்டது.

"நல்ல கொடி அக்கா" என்றேன்.

இப்போதும் கடையில் கடுகு மூன்று மணிப் பக்கம்தான் இருக்கிறது. "அண்ணை, சிறுத்தையைக் கண்டனீங்களோ?" என்று சனம் கேட்டால், "எங்கை! மயிரிழையில தப்பிட்டுது" என்று அக்காதான் முந்திக்கொண்டு பதில் சொல்கிறார். மத்தியானம் சாவியைக் கொடுத்த பிறகும் சிறுத்தையார் உடனே போவதில்லை. பிளாஸ்கைத் திறந்து இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிவிட்டு, அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.

அடுத்த பயணத்துக்கு விமான ரிக்கெற் போட்டாயிற்று. போன வெள்ளிக்கிழமை நான் தனியாக ஆர்ச்வேக்குப் போனேன். இந்த முறையும் அந்தச் சிறுத்தை அவர்கள் கண்ணில் படக்கூடாது முருகா என்று வேண்டிக்கொண்டு, ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன்.