என் மகனின் கெட்டிமேளமும் உங்கள் ஆட்காட்டி விரலும்

மதிப்புக்குரிய சம்பந்தி தங்கராஜு அவர்களுக்கு,

சிங்கப்பூர் பஃபலோ ரோட்டிலிருந்து ஜெயரத்தினம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். உங்கள் மருமகளாகிய என் மகள் சயந்தினியும் சுகம். உங்கள் வீட்டில் சுகமாக இருக்கவேண்டியவள், கல்யாணமாகிப் பதினோரு நாளாகியும் என் வீட்டில் சுகமாக இருக்கிறாள் என்பதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். "முகூர்த்தத்துக்கு முன்னாடி கட்டின தாலி செல்லாது, வேற நாள் பாத்து மறுபடி கட்டிட்டு அனுப்புங்க" என்று சொன்ன பிறகு நீங்கள் போனை எடுப்பதில்லை. ஆகவே தபால்.

தப்பெல்லாம் என் மகன் யதீசன் மேல்தான். நீங்கள் சயந்தினியைப் பெண் பார்க்க வந்த அன்று அவனை "கம்ப்யூட்டர் புரொபசர்" என்று சொன்னேன். சரியாகச் சொன்னால் கம்ப்யூட்டர் மியூசிக் புரொபசர். நடுவில் இருந்ததை வெட்கத்தில் விழுங்கிவிட்டேன். அதை நம்பி நீங்களும் பழுதான லேப்டாப்பைக் கொடுத்தனுப்பினீர்கள். திரும்பி வந்ததிலிருந்து எந்த எழுத்தைத் தட்டினாலும் அது தவில் வாசிக்கிறதாம், மாப்பிள்ளை சொன்னார். அவனுக்குத் தெரிந்த ரிப்பேர் அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் படித்தான், பேங்க்கில் வேலை கிடைத்தது, ஆபீஸ் ஏசி சுருதி சேரவில்லை என்று எட்டாம் மாதம் விட்டான். வெளிநாடு போய் ஆறு வருஷம் இசை படித்து டாக்டரானான், கோயிலில் ஒருத்தர் அவனிடம் முழங்காலைக் காட்டினார். இப்போது யூனிவர்சிட்டியில் புதுப்புது வாத்தியம் செய்யக் கற்றுத் தருகிறான். அவன் செய்த முதல் வாத்தியம் என் மனைவி பூரணத்தின் கிரைண்டர். மாவு பதமாக அரைந்தால் மோகனம் பாடும், அரிசி சரியாக ஊறாவிட்டால் முகாரி. அடுத்தது ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கழி. துணியின் ஈரத்துக்குத் தக்கபடி சுரம் ஏறி இறங்கும். கீழ்வீட்டு மைமூன் என்னை லிஃப்ட்டில் மடக்கி, "அங்கிள், உங்க கைலி இன்னிக்கு ரொம்ப சோகமா பாடுது லா" என்றாள். அந்தக் கைலியைப் பற்றி ஜெர்மனியில் கட்டுரை படித்துத்தான் பயலுக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

மூன்றாவது வாத்தியம்தான் நம் குடியைக் கெடுத்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் நாதஸ்வரக்காரர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு படுத்துவிட்டார். "அப்பா, என்கிட்ட ஒண்ணு இருக்கு. மேடைக்கு மேல ஒரு கேமரா. யாராவது ஆட்காட்டி விரலைத் தூக்கி ஆட்டினா போதும், நாப்பது தவில், இருபது நாதஸ்வரம், கெட்டிமேளம்" என்றான். யாராவது என்றால் யாரெல்லாம் என்று கேட்கவேண்டியவன் நான், கேட்கவில்லை.

முகூர்த்தம் ஒன்பது மணிக்கு. எட்டு நாற்பத்தொன்றுக்குத் தாலித் தட்டு சபையைச் சுற்றி மேடைக்குத் திரும்பியது. வீடியோவைப் பத்துத் தடவை பார்த்துவிட்டேன். இடது ஓரத்தில் நீங்கள். பந்தி பரிமாறும் பையனைப் பார்த்து, "தம்பி, ஒரே ஒரு கோப்பி, சீனி வேணாம்" என்று விரலைத் தூக்கி ஆட்டுகிறீர்கள். நான் குறை சொல்லவில்லை, விரல் உங்களுடையது என்று மட்டும் சொல்கிறேன். நாப்பது தவிலும் இடித்தன. மாப்பிள்ளை சுஜீந்திரனோ தீயணைப்புப் படைக்காரர், மணி அடித்தால் யோசிக்காமல் பாய்கிற உடம்பு. ஏழு நொடியில் மூன்று முடிச்சும் விழுந்தது. பால்பழம் எடுக்க உள்ளே போயிருந்த பூரணம், மகள் கழுத்தில் தாலி ஏறியதைப் பார்க்கவே இல்லை. இன்னும் அதைச் சொல்லி மூக்கைச் சிந்துகிறாள்.

மாப்பிள்ளை தினமும் சாயந்திரம், "இங்க தேக்கா மார்க்கெட்ல மீன் வாங்க வந்தேன் மாமா" என்று வந்து சாப்பிட்டுப் போகிறார். உங்கள் ஈசூன் பக்கம் மீன் கிடைக்காது போலிருக்கிறது. கட்டின புருஷனை லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்புகிறாள். எனக்குத் தாங்கவில்லை, சம்பந்தி. நீங்கள் சொன்னபடியே மறுபடி கட்டிவிடுவோம். நிஜ நாதஸ்வரம் சொல்லிவிட்டேன். யதீசனை மண்டபத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். நாற்பது வருஷம் கப்பல் கம்பெனியில் ஒரு நிமிஷம் பிசகாமல் நேரம் எழுதியவன் நான், எனக்கு வாய்த்த பிள்ளை இப்படி.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மணமக்கள், நீங்கள் அப்படிச் சொல்ல அனுமதித்தால், நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த,
ஜெயரத்தினம்

பி.கு.: தபாலில் போடுமுன், மறுபடி நாள் பார்க்க வேண்டுமே என்று இந்த முகூர்த்தத்தைக் குறித்துத் தந்த யாழ்ப்பாணத்து ஜோசியரின் பழைய குறிப்பை எடுத்தேன். "காலை 6.00 முதல் 6.30 வரை, இலங்கை நேரம்" என்றிருக்கிறது. சிங்கப்பூர் நேரத்துக்கு இரண்டரை மணி கூட்டவேண்டிய இடத்தில் நான் மூன்று மணி கூட்டிப் பத்திரிகை அடித்திருக்கிறேன். முகூர்த்தம் எட்டரையிலிருந்து ஒன்பது வரைதான். என் பத்திரிகைப்படி காத்திருந்து கட்டியிருந்தால்தான் செல்லாத தாலியாகியிருக்கும். சயந்தினி பெட்டி கட்டிவிட்டாள், வந்து கூட்டிப் போங்கள். யதீசனிடம் நான் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அந்தக் கேமராவை நம் வீட்டு வாசலில் மாட்டு என்று மட்டும் சொன்னேன். வந்ததும் முன்போலவே விரலை ஆட்டி ஒரே ஒரு கோப்பி கேளுங்கள். இந்தத் தடவை கெட்டிமேளம் கொட்டும்போது பூரணம் மகளுக்குப் பக்கத்திலேயே நிற்பாள்.