அத்தானை நான் தோற்கடித்த தேர்தல்

ஒரு வேட்பாளரைத் தோற்கடிக்க எதிரிகள் தேவையில்லை. படித்த மைத்துனி ஒருத்தி போதும். இதை அனுபவத்தில் சொல்கிறேன். அந்த மைத்துனி நான்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் அரசியல் விஞ்ஞானப் பட்டம் பெற்றிருந்தேன். அங்கே கோலியர்ஸ் வுட் பகுதியில் ஒரு கவுன்சில் தேர்தலுக்காக இரண்டு வீதிகளில் துண்டுப்பிரசுரமும் போட்டிருந்தேன். (கடிதத் துவாரத்துக்குள் என் விரலைக் கவ்விய நாயைத் தவிர, அத்தேர்தலில் வேறெவரும் என்னைப் பொருட்படுத்தவில்லை.) இவ்விரண்டையும் கூட்டினால் தேர்தல் நிபுணர் என்று விடை வரும் என மனப்பூர்வமாக நம்பினேன்.

கனடாவின் கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூரில் அத்தான் மாட்டு வைத்தியராக இருந்தார். அக்காவுக்கு அவ்வூர்த் தபால் நிலையத்தில் வேலை. அதை மூடப்போகிறார்கள் என்ற அறிவித்தல் வந்தது. மூடினால் அக்காவின் வேலை போகும். ஊரிலுள்ள முதியவர்கள் ஒரு மருந்துப் பொதிக்காகப் பனியில் நாற்பது மைல் போகவேண்டும். பெரிய கட்சிகள் வாய் திறக்காததால், அத்தான் நாடாளுமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார்.

"அக்கா, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. நான் வாறன்."

"இஞ்ச வீட்டுக்கு வீடு மைல்கணக்கு, பிள்ளை."

"திட்டம் போட்டால் எல்லாம் ஏலும்."

போய் இறங்கிய மறுநாளே அத்தானின் பிக்கப் வண்டியில் முப்பது தேர்தல் பலகைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். நான்கு வீடுகளில் ஆளில்லை; எல்லோரும் அறுவடையில். பின்வாங்குவது என் கொள்கையல்ல. வயலுக்குள்ளேயே நடந்து, ஓர் அறுவடை இயந்திரத்தைக் கைகாட்டி நிறுத்தினேன்.

தலை முதல் கால் வரை தூசி படிந்த ஒரு பெரியவர் இறங்கி வந்தார். தபால் நிலையம் இல்லாத கிராமத்தின் சமூக விளைவுகளை ஒரு மணிநேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பெரிய கட்சி வேட்பாளர் இதைப் பற்றி என்ன சொல்கிறார்?" என்று விசாரித்தார்.

"அவரா? போஸ்டரில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு சிரிக்கிறார். வாழ்நாளில் மண்ணைத் தொட்டிருக்க மாட்டார், அங்கிள்."

அவர் தம் கைகளை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "இருக்கலாம்" என்றார்.

வேலியில் ஒரு பலகை நடலாமா என்று கேட்டேன். "மாட்டு வைத்தியருக்குத்தானே? என் பசுவைக் காப்பாற்றியவர். பத்தாக நடு, வேலி நீளமானது" என்று சுத்தியலை எடுத்துவந்து தாமே அடித்தும் தந்தார்.

இனி, கையோடு கொண்டுபோன ஆதரவாளர் படிவத்தை நிரப்பவேண்டும். முதற் கட்டம், பெயர். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு, தகப்பன் வயதுடையவரை நேருக்கு நேர் 'பெயரென்ன?' என்று கேட்க நா எழவில்லை. எங்கள் வழக்கப்படி அதை மூன்றாம் ஆளிடம் விசாரித்து அறிவதுதான் மரியாதை. அங்கே மூன்றாம் ஆளாக ஒரு பசு மட்டுமே நின்றது. ஆகவே 'வயல் அங்கிள்' என்று எழுதி, எதிரே 'உறுதியான ஆதரவு' என்று இரட்டைக் கோடிட்டேன்.

அன்று மாலை ஊர் மண்டபத்தில் வேட்பாளர் கூட்டம். நான் முன்வரிசையில் இருந்தேன். வயல் அங்கிள் குளித்து, கழுத்துப்பட்டி கட்டி, நேரே மேடையேறினார்.

"அக்கா, எங்கட ஆள் ஏன் மேடையில ஏறுறார்?"

"எங்கட ஆளோ? அந்தாள்தானடி பெரிய கட்சி வேட்பாளர்!"

எழுந்து ஓடப் பார்த்தேன். அக்கா என் கோட்டைப் பிடித்து இழுத்தார். "இரு. செய்த வேலையைப் பாத்திட்டுப் போ."

அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "இன்று லண்டனிலிருந்து வந்த ஒரு பெண் என் அறுவடையை ஒரு மணிநேரம் நிறுத்திவைத்தார். நான் மண்ணைத் தொடாதவன் என்றார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. தபால் நிலையத்தைப் பற்றிச் சொன்னார். அதற்குப் பதில் இல்லை. நான் வென்றால் அதை மூட விடமாட்டேன்."

மண்டபம் அதிர்ந்தது. முதலில் எழுந்து கைதட்டியவர் அத்தான்.

மிகுதி நாட்களிலும் நான் ஓயவில்லை. வீடு வீடாகப் போனேன். பெயரை முதலிலேயே கேட்டேன். எல்லோரும் தேநீர் தந்து, "அதுதான் அவர் சொல்லிவிட்டாரே!" என்று அன்போடு வழியனுப்பினார்கள். என் வாதம் வென்றுவிட்டதால் எங்கள் வேட்பாளருக்கு வேலையில்லாமற் போயிற்று. அத்தானுக்கு விழுந்த வாக்குகளை இங்கே வெளியிடுவது குடும்ப கௌரவத்துக்கு உகந்ததல்ல.

நான் அத்தானிடம் அழாக்குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "பிள்ளை, நான் கேட்டது தபால் கந்தோர். நாடாளுமன்றத்தில எனக்கென்ன வேலை? அங்க மாடும் இல்லை."

வென்றவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அக்காவின் வேலையும் நிலைத்தது.

இரண்டு ஆண்டுகளின் பின், நானாகவே ஒருவரை விரும்பிவிட்டேன் என்று லண்டனிலிருந்து தொலைபேசியில் சொன்னேன். எந்த ஊர், ஆரின்ர பிள்ளை, என்ன உத்தியோகம் என்று அக்கா அடுக்கத் தொடங்க, அத்தான் தொலைபேசியைப் பறித்தார்.

"அதுகள் கிடக்கட்டும், பிள்ளை. ஆளின்ர பெயரைக் கேட்டனியோ?"