பின்சீட்டுக்குப் பூக்கேட்டது

முதலில் ஒரு விடுகதை. பதில் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இறக்கை உண்டு, இறகு கிடையாது. வானத்தில் நேராகப் போகும், தரையில் வளைந்து வளைந்து நடக்கும். வயிற்றுக்குள் இரண்டு பேருக்கு இடம் உண்டு. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. அது என்ன?

விமானம் என்றால் பாதி சரி. பழைய போர்விமானம் என்றால் முழுவதும் சரி. அது ஏன் தரையில் வளைந்து நடக்கிறது என்று மல்லசமுத்திரம் பூபதியிடம் கேட்டால் சொல்வார். ஆனால் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துப் போர்விமானம் தரையில் நிற்கும்போது வால் தாழ்ந்து, மூக்கு மேலே தூக்கியிருக்கும். ஓட்டுகிறவருக்கு எதிரே மூக்குதான் தெரியும், பாதை தெரியாது. அதனால் இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பி, ஓரமாக எட்டிப் பார்த்துக்கொண்டே நகர்த்துவார்.

பூபதிக்கு இதெல்லாம் தெரிந்தது சென்ற மாதம்தான். அதுவரை அவருக்குத் தெரிந்ததெல்லாம் பூமிக்குக் கீழே இருக்கும் சங்கதிகள். அவர் ரிக் வண்டி முதலாளி. ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரிக்கு ரிக் என்று பெயர். எந்த ஆழத்தில் பாறை, எந்த ஆழத்தில் ஈரம் என்று புழுதியின் நிறத்தைப் பார்த்தே சொல்வார். ஐம்பது வயது வரை குனிந்தே பார்த்த மனிதர்.

எடப்பாடியில் ஆனந்தகுமார் என்று ஒருவர். விமானப்படையில் விமானம் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருடைய தோட்டத்தில் வேறு வண்டிகள் புழுதி மட்டும் எடுத்த இடத்தில் பூபதியின் வண்டி தண்ணீர் எடுத்தது. அந்த நன்றி ஆனந்தகுமாருக்கு உண்டு. அவர் நண்பர்களோடு சேர்ந்து, உலகப் போர்க் காலத்துப் போர்விமானம் ஒன்றைத் துண்டு துண்டாக வாங்கி வந்து, பல வருடமாக ஒட்டவைத்து உயிர் கொடுத்திருந்தார். அது இனி பெங்களூரில் ஒரு காட்சிக்கூடத்துக்குப் போய் நின்றுவிடும். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசியாகப் பறக்கும். பின்சீட்டு காலி. உங்கள் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் வாருங்கள் என்று பூபதியிடம் சொன்னார்.

யாராவது ஒருவர் என்றால் யார் என்று பூபதி யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது?

பழகிக்கொள்வதற்காக ஒருநாள் அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்துத் தரையிலேயே ஓட்டிக் காட்டினார் ஆனந்தகுமார். தோளுக்கு மேலே பட்டை, இடுப்பில் பட்டை, எல்லாம் சேரும் இடத்தில் ஒரே ஒரு கொக்கி. காலுக்குக் கீழே தளம் என்று ஒன்று இல்லை, குழாயும் கம்பியும்தான். முட்டிகளுக்கு நடுவே ஒரு கைப்பிடி. முன்னால் இருப்பவர் தன்னுடையதை அசைத்தால் பின்னால் இருப்பதும் தானாக அசைந்தது, மடியில் கண்ணுக்குத் தெரியாத ஆள் உட்கார்ந்து ஓட்டுவதைப் போல. இன்ஜின் இரண்டு முறை இருமியது. நீலப் புகை வந்தது. பக்கவாட்டுக் குழாய்களில் ஒரு நெருப்பு நாக்கு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. பிறகு வந்த சத்தத்தில், ரிக் வண்டியின் கம்ப்ரசர் பக்கத்திலேயே வாழ்ந்த பூபதிக்குக் காது அடைத்தது. சூடான எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. ஓடுதளத்தில் வளைந்து வளைந்து போகும்போது அவருடைய பற்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன.

மேலே போனால் என்ன ஆகும் என்று காதுக் கருவி வழியாக ஆனந்தகுமார் சொல்லிக்கொண்டே வந்தார். சட்டென்று திரும்பும்போது உடம்பு நாலு மடங்கு கனக்கும். மடியில் வைத்த கையைத் தூக்க முடியாது. கன்னம் தாடைக்கு இறங்கும். ரத்தம் காலுக்குப் போய், பார்வையின் ஓரம் சாம்பலாகும். தொடையையும் வயிற்றையும் இறுக்கிக்கொண்டு, மூச்சைத் துண்டு துண்டாக விடவேண்டும். பிறகு ஒரு சுற்று. வானம் காலடிக்கு வரும். சங்ககிரி மலை தலைக்கு மேலே தொங்கும்.

பூபதி வீட்டுக்கு வந்து, எண்ணெய் வாசனை ஏறிய அந்தச் சட்டையைத் துவைக்கப் போடவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் பயிற்சி நடந்தது. லாரித் தார்ப்பாய்க் கயிற்றால் தன்னை நாற்காலியோடு கட்டிக்கொண்டார். நாலு மடங்கு கனத்துக்காக மடியில் தவிட்டு மூட்டை. நாற்காலியின் முன்காலை மெல்லத் தூக்கும்படி மனைவி சரிதாவிடம் சொன்னார். அவள் தூக்கினாள். சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கினாள். தரையில் மல்லாந்து கிடந்தபடி, தலைகீழாகப் போகும் கட்டம் இதுதான் என்று பூபதி விளக்கினார்.

சரிதா ஆரம்பத்திலிருந்தே இந்தப் பயணத்துக்குப் பிடிகொடுக்கவில்லை. போகவேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேள்வி மட்டும் கேட்டாள். வெறும் வயிற்றோடு ஏறவேண்டுமா, ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஏறவேண்டுமா? கொக்கியை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும்? மூச்சு விடும் முறையை இன்னொரு தடவை காட்டுங்கள். பயத்தில் கேட்கிறாள் என்று பூபதி நினைத்தார். பொறுமையாக வகுப்பெடுத்தார்.

“ஏனுங்க, காலு எட்டாதவீங்க உக்காந்தா என்ன பண்ணுவாங்கொ?”

“கீழ மெத்த வெப்பாங்க புள்ள. குட்டையான ஆளுங்ககூட தாராளமாப் போலாம்.”

பூபதி ஆறடி உயரம். இந்தக் கேள்வி யாருக்காக என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை. பாடம் நடத்துகிறவர்கள் அதையெல்லாம் நினைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நெருங்கியபோது சரிதா ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

“பூக்கேக்காம ஒண்ணும் வேண்டாமுங்க.”

பூபதி அதை மறுக்க வழியில்லை. காரணம், அந்த வழக்கத்தை வீட்டில் விடாப்பிடியாக வைத்திருந்தவரே அவர்தான். ரிக் வண்டி சத்தீஸ்கருக்கோ மத்தியப் பிரதேசத்துக்கோ கிளம்பும் முன்னால், ஊர்க் கருப்பணார் கோயிலில் பூக்கேட்காமல் சாவியைத் தொடமாட்டார். டிரைவர்கள் சிரித்தாலும் விடமாட்டார். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வெளியில் தெரியாதபடி இலையில் மடித்து நூல் சுற்றி, சாமி முன்னால் வைப்பார்கள். ஒரு சிறு பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்தாயிற்று. சிவப்பு வந்தால் வண்டி கிளம்பாது. நல்ல மழைக்கு முந்திய சீசனில் ஒருமுறை சிவப்பு வந்து, மற்றவர்கள் வண்டியெல்லாம் போய்விட, இவருடைய வண்டி மட்டும் வாசலில் நின்றது உண்டு.

இப்போது தன் காரியம் என்றதும் எப்படி மாட்டேன் என்பது? சரி என்றார். சிவப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்று கணக்குப் போட்டார். பெங்களூருக்குப் போன விமானம் மறுபடி பறக்காது. கருப்பணார் நாளைக்கும் இங்கேதான் இருப்பார், மன்னிப்பு கேட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கோயிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பொட்டலம் கட்டுகிறவர் கேள்வி கேட்கக் கூடாது. கேள்வி கேட்கிறவர் பொட்டலம் கட்டக் கூடாது. ஒரே ஆள் இரண்டையும் செய்தால் சாமிக்கு வேலை இல்லாமல் போய்விடும் என்பதற்காக யாரோ பெரியவர்கள் வைத்தது. எது உனக்கு, எது எனக்கு என்று பூபதி மனைவியைக் கேட்கவில்லை. பொட்டலம் நானே கட்டிவிடுகிறேன், உனக்கு ஏன் சிரமம், நீ கேட்டால் போதும் என்றார். இத்தனை வருடத்தில் அவர் ஒரு பூவும் பறித்ததில்லை. சரிதா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உங்கள் இஷ்டம் என்றாள்.

விடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் போனார். பூ பறித்தார். இலையில் மடித்தார். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை.

கோயிலில் பூசாரி காத்தான் விளக்கேற்றி, பொட்டலங்களைச் சூலத்தின் அடியில் வைத்தார். பூ எடுப்பதற்குப் பக்கத்துத் தோட்டத்து யாழினி வந்திருந்தாள். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இரட்டைச் சடை, நெற்றி நிறையத் திருநீறு. பூபதி கைகட்டி நின்றார். முகத்தில் ஏகப்பட்ட பக்தி.

கேட்கச் சொன்னார் பூசாரி. சரிதா முன்னால் வந்து கண்ணை மூடினாள். சத்தமாகத்தான் கேட்கவேண்டும், மனதுக்குள் கேட்டால் செல்லாது.

“கருப்பணா, எங்கூட்டுக்கு ஒரு சீட்டு வந்திருக்குது. கண்ணாலமாயி வந்ததுல இருந்து, ஒவ்வொருக்கா வண்டி கெளம்பறப்பவும் வாசக் கேட்டோரம் நின்னு கையாட்டறவ நாந்தான். ஒருக்காவாச்சும் எனக்கு ஆராச்சும் கையாட்டோணுமுன்னு ஆச. வெள்ளப் பூவு வந்தா நான் போறேன். செவப்பு வந்தா எங்கூட்டுக்காரரு போவட்டும்.”

பூபதிக்குத் தரையிலேயே உடம்பு நாலு மடங்கு கனத்தது. கையைத் தூக்க முடியவில்லை. பார்வையின் ஓரம் சாம்பலானது. தொடையை இறுக்கிப் பார்த்தார். பலிக்கவில்லை.

“அது கேள்வியில்லீங்களே,” என்று ஒருவழியாகச் சொன்னார். “நான் போலாமா வேண்டாமாங்கறதுதானுங்க கேள்வி.”

கேட்கிறவர் வாயில் வந்ததுதான் கேள்வி, அதை மாற்ற முடியாது என்றார் காத்தான். வேண்டுமானால் பொட்டலத்தைப் பற்றிச் சொல்லலாம். அதில் குறை இருந்தால் பிரித்துப் பார்த்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம்.

“பொட்டலத்துல ஏதாச்சும் கொறைங்களா?” என்று கேட்டார்.

பூபதி வாயைத் திறந்தார். அதற்குள் சரிதா அவர் பக்கமாக வந்து நின்றாள். அவருக்கு மட்டும் கேட்கும்படி, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“காலையில செடிக்குத் தண்ணி ஊத்துனனுங்க. செவ்வரளியில ஒரு பூவுங்கூடக் கொறையல. சொல்லீரட்டுங்களா, நீங்களே சொல்றீங்களா?”

அவள் கோபமாக இருந்திருந்தால் பூபதி எதிர்த்துப் பேசியிருப்பார். அவள் கோபமாக இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. வண்டி கிளம்பும்போதெல்லாம் கேட்டருகில் அவள் கை அசைந்ததை அவர் எப்போதாவது திரும்பிப் பார்த்திருக்கிறாரா என்று யோசித்தார். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாதையைப் பார்த்தது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

“கொறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க,” என்றார் பூசாரியிடம்.

காத்தான் திருப்தியாகத் தலையசைத்தார். யாழினியைக் கூப்பிட்டு, கருப்பணாரை நினைத்துக்கொண்டு ஒன்றை எடு சாமி என்றார்.

எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்பது அங்கே இரண்டு பேருக்குத் தெரியும். கருப்பணாரையும் சேர்த்தால் மூன்று. யாழினிக்குத் தெரியாது. அதனால் அவள் நன்றாக யோசித்தாள். இடது பக்கத்துப் பொட்டலத்தின் மேல் விரலை வைத்தாள். விரலை எடுத்தாள். வலது பக்கத்துப் பொட்டலத்தைப் பார்த்தாள். பூபதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் மறந்துபோய் எங்காவது ஒரு சிவப்புப் பூவைச் சேர்த்துக் கட்டியிருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டார்.

யாழினி வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே வெள்ளை அரளி இருந்தது.