வாபஸ் அண்ணாத்தயின் மூணாவது காப்பி

செங்கல்பட்டு கோர்ட்டு வாசலை நம்பி எத்தனையோ பேர் பிழைக்கிறார்கள். அத்தனை பேரிலும் தன் பிழைப்புக்குத் தானே ஆப்பு வைத்துக்கொண்ட ஒரே ஆசாமி வாபஸ் அண்ணாத்ததான்.

அவருடைய நிஜப்பெயர் எனக்குத் தெரியாது. கடைப் பலகையில் ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன் என்று மூன்று வார்த்தைகள்தான் இருக்கும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரர். பரம்பரையாகக் கடலுக்குப் போகிற குடும்பம். இவர் மட்டும் ஏன் கரையேறி டைப் அடிக்க வந்தார் என்று கேட்டால், "படகுல ஏறுனாலே வாந்தி சார். வலையில மாட்டுன மீனு கூட என்னைப் பாத்து சிரிக்கும்" என்பார்.

குழந்தையைத் தங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மனுப் போட வரும் அப்பா அம்மாக்களுக்கு அவர் ஒரு தனி வழக்கம் வைத்திருந்தார். மனுவை டைப் அடித்து முடித்ததும், கேட்காமலே இன்னொரு தாளையும் அடித்து, தனிக் கவரில் போட்டுக் கையில் திணிப்பார். பிரித்துப் பார்த்தால், "மேற்படி மனுவை நான் வாபஸ் பெற்றுக்கொள்கிறேன்" என்று இருக்கும். தேதியும் கையெழுத்தும்தான் பாக்கி.

"வெச்சிக்கோ சார். இப்ப எரியும், அப்பால ஒதவும்."

வக்கீல்களுக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை ஒரு ஜூனியர் அவசரத்தில் அந்தக் கவரையும் சேர்த்துக் கட்டிக் கோர்ட்டில் தாக்கல் செய்துவிட்டார். ஜட்ஜ் அம்மா புரட்டிப் பார்த்து, "மனுப் போட்டவரும் நீங்க, வாபஸ் வாங்கறவரும் நீங்க. நடுவுல நான் எதுக்கு?" என்றாராம். சீனியர் வக்கீல் கவுன் பறக்கக் கடைக்கு ஓடி வந்தார்.

"யோவ், நீ டைப்பிஸ்டா, எதிர்க்கட்சி வக்கீலா?"

"ரெண்டு கட்சிக்கும் நான்தான சார் டைப் அடிக்கிறேன். குந்து சார், டீ சாப்புடு." எதிர் டீக்கடையைப் பார்த்து, "மாஸ்டர், ரெண்டு டீ!" என்றார்.

வக்கீல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததோடு நிற்காமல், தன் கட்சிக்காரருடைய மனைவியைப் பற்றித் தரக்குறைவாக ஒரு வார்த்தை விட்டார். அண்ணாத்த தலையைத் திருப்பாமல் கத்தினார்: "மாஸ்டர், ஒண்ணு வாபஸ்!"

பேச்சு பிடிக்காவிட்டால் சொன்ன டீயைத் திரும்பப் பெறுவது அவருடைய இன்னொரு வழக்கம். ஏற்கெனவே ஊற்றிவிட்ட டீயை மாஸ்டரே குடித்துவிடுவார். அந்த மாஸ்டருக்குச் சர்க்கரை வியாதி வந்ததற்கு வக்கீல்கள்தான் காரணம் என்று கோர்ட்டு வாசலில் பேச்சு உண்டு.

திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து ஒரு ஜோடி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அவசரப்பட்டு, தாய்மாமனைக் கூப்பிடாமலே குழந்தைக்குக் காது குத்திவிட்டார்கள். மாமன் மடியில் உட்காராத காது காதா என்று பெண் வீட்டார் கொதித்துப்போனார்கள். அது வளர்ந்து, குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்காகிவிட்டது. அண்ணாத்த இரண்டு தரப்புக்கும் மனு அடித்தார், இரண்டு கவரும் கொடுத்தார். போகும்போது ஒரு யோசனையும் சொன்னார்: "காதுல எடம் இல்லியா இன்னா? மாமன் மடியில குந்த வெச்சு மேல இன்னொரு ஓட்டை போடு. இப்ப அதான ஃபேஷன்." அப்படியே செய்தார்கள். குழந்தை மாமனின் கையைக் கடித்துவைத்தது. அடுத்த வாரம் இரண்டு கவரும் கோர்ட்டுக்குள் போயின.

இதையெல்லாம் இவ்வளவு ரசித்துச் சொல்கிறேனே, நான் அந்தக் கடைக்கு ஏன் போனேன் என்று நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். வெட்கக்கேடான கதைதான்.

எனக்கும் என் மனைவி மீனாவுக்கும் ஒத்துவராமல் பிரிந்திருந்தோம். அவள் மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தாள். எங்கள் மகள் யாழினிக்கு அப்போது எட்டு வயது, மீனாவிடம்தான் இருந்தாள். நான் படூரில் குடியிருந்துகொண்டு சிறுசேரியில் இருக்கும் கம்பெனிக்கு ஷட்டில் பஸ்ஸில் போய்வருவேன். சனிக்கிழமை மட்டும் மகள் என்னிடம் வருவாள். அது போதவில்லை எனக்கு. உண்மையைச் சொன்னால், மகள் வேண்டும் என்பதைவிட மீனா தோற்க வேண்டும் என்பதுதான் பெரிதாக இருந்தது.

"எதிர்மனுதாரர் குழந்தையை வீட்டில் தனியே பூட்டிவிட்டுச் செல்பவர்" என்று மனுவில் எழுதச் சொன்னேன். அண்ணாத்த ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்துக்கொண்டே அடிப்பார், தெருவுக்கே கேட்கும். அந்த வரியில் நின்றார்.

"எத்தினி தபா பூட்டிக்கினு போச்சு சார்?"

"ஒரு தடவை. பால் வாங்க."

"எம்மா நேரம்?"

"பத்து நிமிஷம் இருக்கும். நீங்க அடிங்க."

அடித்தார். கவரையும் கொடுத்தார். நான் அவர் கண் முன்னாலேயே அதைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். அவர் கோபப்படவே இல்லை.

ஜட்ஜ் அம்மா குழந்தையைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசப்போகிறார் என்று தெரிந்ததும், நான் என் தொழில்புத்தியைக் காட்டினேன். சாஃப்ட்வேரைச் சோதிப்பது என் வேலை. இப்படிக் கேட்டால் இப்படிப் பதில் வரவேண்டும் என்று பட்டியல் போட்டே பழகியவன். அதேபோல மகளுக்கும் பதினோரு கேள்வி, பதினோரு பதில் தயார் செய்தேன். நாலு சனிக்கிழமை ஒத்திகை நடந்தது. கடற்கரைக்குப் போகலாம் என்று அவள் கேட்டபோதெல்லாம், ஏழாவது கேள்வி சரியாக வரட்டும் என்றேன். ஒரு தகப்பன் செய்கிற காரியமா இது?

அந்த நாளும் வந்தது. மீனா காலையில் மகளைக் கோர்ட்டில் என்னிடம் விட்டுவிட்டு வக்கீலைப் பார்க்கப் போனாள். நான் யாழினியை அண்ணாத்த கடை பெஞ்சில் உட்காரவைத்துக் கடைசி ஒத்திகை பார்த்தேன். அவள் மடியில் ஒரு சாப்பாட்டுப் பை இருந்தது. காலை ஆட்டிக்கொண்டே கடகடவென்று ஒப்பித்தாள். உள்ளே டைப் அடிக்கும் சத்தம் நின்றது.

"பாப்பா, இது இன்னா பாடம்? எந்த ஸ்கூல்ல நடத்துறாங்க?"

"அப்பா ஸ்கூல்ல!" என்றாள் பெருமையாக.

அண்ணாத்த என்னைப் பார்த்தார். "சார், பேப்பர்ல பொய் எழுதுன, உன் கையெழுத்து, உன் பாடு. கொழந்த வாயில ஏன் சார் வெக்கிற? அத எந்த கோர்ட்டுல போய் வாபஸ் வாங்குவ?"

"நீங்க உங்க வேலையைப் பாருங்க."

அவர் தன் வேலையைப் பார்த்தார். பிரிண்டர் ஓடியது. இன்னொரு வாபஸ் தாளைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். நான் அதைக் கசக்கி ரோட்டில் எறிந்தேன்.

கால் மணி நேரம் கழித்து யாழினி ஜட்ஜ் அறையிலிருந்து துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, பதினொண்ணும் சொல்லிட்டேன்! நானா பன்னண்டாவது ஒண்ணு சேத்துக்கிட்டேன்."

"என்னம்மா?"

"அம்மா எனக்குச் சாப்பாடே போடறதில்லைன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் அவள் கையில் இருந்த பையைப் பார்த்தேன்.

"ஜட்ஜ் அம்மா ஒண்ணும் கேக்கலையா?"

"பையில என்னன்னு கேட்டாங்க. எலுமிச்சம் சாதம், அம்மா செஞ்சதுன்னு சொன்னேன். சிரிச்சாங்க. அப்புறம் சிரிக்கல." பையைத் திறந்து இரண்டு டப்பாக்களை எடுத்தாள். "ஒண்ணு உனக்கு. அப்பா கேன்டீன்ல நேரத்துக்குச் சாப்பிட மாட்டாரு, குடுன்னு அம்மா சொன்னாங்க. நாம ஜெயிச்சிட்டோமாப்பா?"

எனக்குப் பிடித்த மாதிரி வேர்க்கடலை தூக்கலாகப் போட்ட எலுமிச்சம் சாதம். நான் அவமானத்தால் குன்றிப்போய் நின்றேன். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் மீனா நின்றுகொண்டிருந்தாள். அவளை நிமிர்ந்து பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை.

மகளை அவளிடம் விட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததுமே அண்ணாத்த மேசை டிராயரைத் திறந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார்.

"எப்பவும் மூணு காப்பி எடுப்பேன் சார். மொதலாவது கிழிக்க, ரெண்டாவது தூக்கிக் கடாச, மூணாவது கையெழுத்துப் போட."

கையெழுத்துப் போட்டேன். அவர் கீபோர்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நானும் ஒப்பிச்சவன்தான் சார். எங்க குப்பத்துப் பஞ்சாயத்துல, எங்கம்மாவுக்கு எதிரா. ஒம்போது வயசு. சூப்பரா ஒப்பிச்சேன். எங்கப்பன் ஜெயிச்சிட்டான்."

அதற்குப் பிறகு அவர் அம்மா என்ன ஆனார் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் வரவில்லை.

என் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். மனு வாபஸ் ஆயிற்று. மீனாவும் நானும் எங்களுக்குள்ளேயே பேசியதில், சனியோடு ஞாயிறும் சேர்ந்தது. நான் கேட்கவே இல்லை, அவளாகத்தான் கொடுத்தாள். ஆனால் மகள் மனதில் நான் ஏற்றிவைத்தது அங்கேயே கிடந்தது. அதைப் பற்றி அவளிடம் வாயைத் திறக்க எனக்கு நாலு வருஷம் ஆயிற்று.

இடையில் செங்கல்பட்டுப் பக்கம் போனால், தேவையே இல்லாமல் ஒரு ஆதார் ஜெராக்ஸ் எடுக்க அண்ணாத்த கடைக்குள் நுழைவேன். "மாஸ்டர், ரெண்டு டீ!" என்பார். உடனே, "பாப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்பார்.

"இன்னும் இல்ல அண்ணாத்த."

"மாஸ்டர், ஒண்ணு வாபஸ்!"

நாலு வருஷத்தில் அந்தக் கடையில் ஒரு டீ கூட நான் குடித்ததில்லை. என்னிடம் இருக்கும் ஆதார் நகல்களைப் பார்த்தால் போலீஸே சந்தேகப்படும்.

போன மாதம் மாமல்லபுரம் கடற்கரையில், சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது, யாழினியிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் பொய், தப்பு முழுக்க என்னுடையது, உன்னுடையது இல்லை, உன் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். பன்னிரண்டு வயசுப் பெண் மிச்சச் சுண்டலை என் பக்கம் நீட்டினாள்.

"பொய்னு எனக்கு அப்பவே தெரியும்ப்பா. நீ ரொம்பப் பாவமா இருந்த. அதான் சொன்னேன்."

அடுத்த நாளே செங்கல்பட்டுக்குப் போனேன். அண்ணாத்தயின் மீசை நரைத்திருந்தது. "மாஸ்டர், ரெண்டு டீ!" என்றவர், வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"சொல்லிட்டேன்" என்றேன். மகள் சொன்ன பதிலையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாஸ்டர் எதிர்ச்சாரியில் இரண்டு கிளாஸையும் கையில் வைத்துக்கொண்டு, எப்போது குரல் வரும் என்று காத்து நின்றார். குரல் வரவில்லை. மாஸ்டரே ரோட்டைத் தாண்டி வந்து இரண்டையும் மேசையில் வைத்தார்.

"ஆறிடப் போவுது, குடி தம்பி" என்றார் அண்ணாத்த. அதுவரை நான் அவருக்குச் சார்தான்.