ரோஸ் கலர் கைப்பிடி

ஞாயிற்றுக்கிழமை தன் லாரி ஓடாது என்று லாரிக்காரர் வெள்ளிக்கிழமை சாயங்காலமே முடிவு செய்துவிட்டார். லாரிக்குத்தான் இன்னும் தெரியாது.

காரணம் மச்சினன். மனைவியின் தம்பி. ஞாயிற்றுக்கிழமை அவன் வீடு மாற்றுகிறான். கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாம் மாமாவின் லாரியில்தான் போகவேண்டுமாம். இதே மச்சினன்தான் நாலு வருஷத்துக்கு முன்னால், சொந்தக்காரர்கள் இருபது பேர் நடுவில், "மாமா லாரி எங்க ஓடுது, இறக்கம் வந்தா உருளுது" என்று சொன்னவன். எல்லோரும் சிரித்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. மனைவியும் சிரித்தாள். அது மட்டும் அவருக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

முடியாது என்று நேராகச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். காரணத்தைச் சொன்னால், "இன்னுமா அதை வச்சிட்டிருக்கீங்க?" என்பாள்.

ஆகவே வண்டி கெட்டுப்போயாக வேண்டும். ரொம்பவும் கெட்டுவிடக் கூடாது. திங்கட்கிழமை லோடு இருக்கிறது. யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது கண்ணில் பட்டது, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த கறுப்பு பிளாஸ்டிக் கைப்பிடி. அதை இழுத்தால்தான் ஹேண்ட் பிரேக் விடும். அவர் வீட்டுத் தெரு நல்ல சரிவு. பிரேக் போடாமல் வண்டியை நிறுத்தவே முடியாது. குறட்டால் பிடித்து ஒரே திருகு. கைப்பிடி ஒடிந்து கையோடு வந்தது. அது பிடித்திருந்த கம்பி சடக்கென்று ஓட்டைக்குள் போய் ஒளிந்துகொண்டது. திங்கட்கிழமை காலையில் நாலு ஸ்குரூவைக் கழற்றினால் கம்பி கிடைத்துவிடும். தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது. மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தார்.

"பிரேக் கைப்பிடி ஒடிஞ்சுபோச்சு. வண்டி நகராது."

"வேற வாங்கிப் போட்டா?"

"இருபது வருஷத்து வண்டி. செஞ்சவனே மறந்திருப்பான். பழைய சாமான் கடையெல்லாம் ஏறி இறங்கணும். ரெண்டு வாரம் ஆகும்."

"பாவம்."

"யாரு, உன் தம்பியா?"

"கைப்பிடி. குடுங்க, பார்ப்போம்."

கொடுத்தார். பதினெட்டு வருஷத்துக்கு முன் கைப்பிடித்தவளிடம்தான் கைப்பிடியைக் கொடுக்கிறோம் என்று அவர் யோசிக்கவில்லை. மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்யும் கடையில் அவள் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஒன்பது மணிக்குப் போவாள், ஆறு மணிக்கு வருவாள். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நடுவில் ஒன்பது மணி நேரம் அங்கே என்ன செய்கிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. உடைந்த குமிழும் ஒடிந்த கைப்பிடியும்தான் அவளுடைய வேலையே.

ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தானா ஒடிஞ்சுதா?"

"சும்மா தொட்டேன். வந்துடுச்சு."

"பழைய பிளாஸ்டிக் ஒரே நாள்ல ஒடியாதுங்க. முதல்ல விரிசல் விடும். விரிசல்ல அழுக்கு ஏறும். அப்புறம்தான் ஒடியும். இது உள்ள பளபளன்னு இருக்கு." கட்டை விரலால் தடவினாள். "மேல குறட்டோட பல்லு வேற பதிஞ்சிருக்கு."

லாரிக்காரர் சுவரைப் பார்த்தார். சுவரில் ஒன்றுமில்லை.

"அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்தப்பவும் வண்டி ரிப்பேர்னீங்க. கிளட்ச்னு சொன்னீங்க," என்றாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "ரெண்டு பஸ் மாறிப் போனேன். நான் போறதுக்குள்ள அவங்களுக்குப் பேச்சு நின்னுபோச்சு."

"அது நிஜமாவே கிளட்ச்தான்."

"அன்னைக்கு மத்தியானம் உங்க வண்டி லோடோட எங்க கடை வாசலைத் தாண்டிப் போயிருக்கு. முதலாளி பார்த்திருக்காரு. திரும்ப வேலைக்குப் போனப்ப என்கிட்ட, 'உங்க வீட்டுக்காரருக்கு நல்ல ஓட்டம் போல'ன்னாரு."

லாரிக்காரர் சுவரிலிருந்து கண்ணை எடுத்தார்.

"ஆறு வருஷமாச்சு. ஏன் கேக்கலை?"

"கேட்டா அதுக்கும் ஒரு பொய் தேடுவீங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கடையிலிருந்து ஒரு பையோடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு லாரியில் ஏறினாள். ஸ்டீயரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். கழற்றிய ஸ்குரூக்களை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு அவர் கீழே நின்றார். பதினைந்தாவது நிமிஷம் கம்பி வெளியே வந்தது. அரை மணியில் கைப்பிடியும் வந்தது. தலைமுடி காய வைக்கும் மெஷினிலிருந்து எடுத்த கைப்பிடி. ரோஸ் கலர்.

"வேற கலர் இல்லையா?"

"கலரைப் பார்த்தா பிரேக் விடப்போகுது?"

அவர் இழுத்துப் பார்த்தார். பழையதைவிட லேசாக விட்டது. அது அவருக்கு இன்னும் கசந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டுச் சாமான் எல்லாம் லாரியில் ஏறின. கடைசி நடையில் மச்சினனும் முன்னால் ஏறி, அக்காவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். கைப்பிடியைப் பார்த்தான். வாயெல்லாம் பல்லாக, "என்ன மாமா, வண்டிக்குச் சடங்கு சுத்திட்டீங்களா?" என்றான்.

"சிரிக்காதடா. நான் போட்டது," என்றாள் மனைவி. அவன் வாயை மூடிக்கொண்டான். நாலு வருஷம் முந்தி வந்திருக்க வேண்டிய வார்த்தை. இப்போது வந்தது தனக்காகவா, கைப்பிடிக்காகவா என்று லாரிக்காரருக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டு வாசலில் பிரேக் போட்டு நிறுத்தினார். மனைவி எட்டிக் கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினாள். அது கழன்று வந்தது. கைப்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

"அதை ஏன் எடுத்துட்டுப் போற?"

"மாட்டிக் கழட்டுற மாதிரிதான் செஞ்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் வண்டியில் உட்கார்ந்திருந்தார். கம்பி நுனியில், ஓட்டையோடு ஒட்டி, வழவழவென்று ஒரு இரும்பு உருண்டை. விரலால் இழுத்தார். குறட்டால் இழுத்தார். கயிறு கட்டி இழுத்தார். துணியைச் சுற்றி இழுத்தார். எல்லாம் வழுக்கியது. விரல் முட்டி தோல் உரிந்ததுதான் மிச்சம். லோடுக்காரன் போனில் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான்.

உள்ளே வந்து சமையலறை வாசலில் நின்றார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கைப்பை தோளிலேயே தொங்கியது.

"கைப்பிடி," என்றார்.

அவள் திரும்பவில்லை. இன்னொரு தட்டைத் தேய்த்தாள். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் கேட்டார்:

"இந்த வாரம் உனக்கு எங்கேயாவது போகணுமா?"

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள். "அதுவரைக்கும் அப்படி உக்காருங்க."