இரண்டு பிளாக்குக்கு நடுவே அரைச் சாண்

எஞ்சினியரான என் அக்கா மகள் தேவமலருக்கு,

மலாக்கா பக்கத்து லூபோக் சீனா கிராமத்திலிருந்து மருதமுத்து மாமா எழுதுவது. நானும் கோமளா அத்தையும் உயிரோடு சுகமாக இருக்கிறோம். இந்த 'உயிரோடு' சும்மா மரியாதைக்குப் போட்டதல்ல. அதற்குக் காரணமே நீதான்.

மலாக்கா டவுனில் நீ வரைந்து கொடுத்த ஆறு மாடி ஆபீஸ் கட்டடத்துக்கு நான் மேற்பார்வையாளனாக வந்த அன்றே, இரண்டு பிளாக்குக்கும் நடுவே அடியிலிருந்து உச்சிவரை அரைச் சாண் இடைவெளியைப் பார்த்து எனக்குப் பகீரென்றது. பிள்ளை அளவைத் தப்பாக எடுத்துவிட்டாள், ஊர்வாயை மூட உலைமூடி கிடையாதே என்று பயந்து, கொத்தனார் ஷங்கரைக் கூட்டி வந்து யாருக்கும் சொல்லாமல் சிமெண்ட் வைத்து அடைத்தேன். நீ வந்து பார்த்துவிட்டு, "என்னா மாமா செஞ்சி வச்சிருக்கீங்க? பூமி ஆடுனா ரெண்டும் தனித்தனியா ஆட எடம் வேணும் லா! அடைச்சா ஒண்ணோட ஒண்ணு மோதி ஒடைஞ்சிரும்"னு ஆபீஸ் ஆளுங்க முன்னாடியே கத்துனே. பக்கத்துல நின்னு முழுசும் கொத்தி எடுக்க வச்சே. மானத்தைக் காப்பாத்துனவனுக்கு இதுதான் மரியாதையான்னு ரெண்டு மாசம் உங்க வீட்டுப் பக்கமே நான் வரலே.

போன செவ்வாய்க்கிழமை சுமத்ராவில் பூமி குலுங்க, இங்கே நம்ம கட்டடம் தென்னை மரம் மாதிரி ஆட ஆரம்பிச்சிருச்சு. எல்லாரும் கீழே ஓடி வர்றாங்க, நான் மட்டும் மேலே ஓடுறேன், ஏன்னா அங்கேயே துப்புரவு வேலை பாக்குற உங்க அத்தை அஞ்சாவது மாடியில தரையைக் கூட்டிட்டிருந்தா, அவளுக்கு முழங்கால் வலி, படி எறங்க முடியாது. போய்ப் பார்த்தா, சன்னலோரம் தொடப்பமும் கையுமா நின்னு, "ஏங்க, ரெண்டு சொவரும் கிட்டக் கிட்ட வருதுங்க, ஆனா முட்டவே இல்லீங்க"ங்கிறா. நீ விட்ட அரைச் சாண்தான் அவளை எனக்குத் திருப்பிக் குடுத்துச்சு தாயி. நாலு பேரு பார்க்க அழுதேன். உன்னைத் திட்டுன வாயாலயே கும்பிட்டுச் சொல்றேன், மன்னிச்சிரு.

நீயும் உன் பிள்ளைகளும் மாரியம்மன் துணையோடு குறைவில்லாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
நன்றி மறவாத மாமா,
மருதமுத்து

பி.கு.: நம்ம ஆபீஸ் ஆளுங்க எல்லாரும் சேர்ந்து உன் பேரைப் பொறிச்சு ஒரு கருங்கல் பலகை செஞ்சிட்டோம். வைக்கத்தான் எடம் இல்லே. நெலநடுக்கம்தான் வந்து போயிருச்சே, இனிமே அந்த இடைவெளிக்கு என்ன வேலைன்னு அங்கேயே வச்சாச்சு. உன் பேரு கீழே விழுந்துறக் கூடாதுன்னு அடியிலிருந்து உச்சி வரைக்கும் நல்ல சிமெண்டா ஊத்தியிருக்கோம், கல்லு மாதிரி இறுகிருச்சு. ஞாயித்துக்கிழமை திறப்பு விழா; நீதான் ரிப்பன் வெட்டணும்.