மேட்டுப்பாளையம் மாமாவும் என் ஆடியோ பாடமும்

புத்தகத்தைத் திறந்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். அப்பா அதைச் சோம்பேறித்தனம் என்பார். என் மூளைக்குப் போகும் வழி காதில் இருக்கிறது என்பேன் நான். கல்லூரியில் பாதிப் பேர் அப்படித்தான். என் தோழி வீடியோ பாடங்களை இரட்டை வேகத்தில் ஓட்டிப் படிப்பாள். நான் பாடத்தை என் குரலிலேயே போனில் பதிந்து, கேத்தியிலிருந்து ஊட்டி போகிற பஸ்ஸில் கேட்பேன். மறக்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரரை உதாரணமாகச் சேர்த்துக்கொள்வேன். (விலங்கியலுக்கு எங்கள் குடும்பத்தில் பஞ்சமே கிடையாது.)

அக்காவைப் பெண் பார்க்க வந்த மறுநாள் எனக்கு விலங்கியல் பரீட்சை. பேச்சுவார்த்தைக்குத் தலைமை அம்மாவின் தம்பி, மேட்டுப்பாளையம் மாமா. ஊரில் வெயில் தாங்கவில்லை என்று இரண்டு நாள் தங்க வந்தவர்; மழைக்காலம் முடிந்து பனி விழத் தொடங்கியும் கிளம்பவில்லை. கூடத்து ப்ளூடூத் ஸ்பீக்கரில் நாதஸ்வரம் போடுவது என் பொறுப்பு. என் போனிலிருந்து போட்டேன். அது முடிந்ததும், நம் வேலை ஆயிற்று என்று சமையலறைக்குப் போய், சட்னிக்கு மிக்ஸியைப் போட்டுவிட்டு, இயர்போனைக் காதில் செருகிப் பாடத்தைத் தட்டினேன்.

சத்தமே இல்லை. மிக்ஸி இரைச்சல் என்று நினைத்து வால்யூமைக் கூட்டினேன். அப்போதும் இல்லை. முழுக்கக் கூட்டினேன்.

மிக்ஸியை நிறுத்தியபோது கூடத்திலிருந்து என் குரல் கணீரென்று வந்தது.

"வெளி ஒட்டுண்ணி. வெளியில ஒட்டிட்டு உறிஞ்சும். உதாரணம், மேட்டுப்பாளையம் மாமா. ஓம்புயிரி, அதாவது உறிஞ்சக் குடுக்கறது, எங்கப்பா. அடுத்தது, ஆபத்து வந்தா செத்த மாதிரி கிடக்கறது. உதாரணம், பாத்திரம் கழுவச் சொன்னா எங்கக்கா."

கூடத்துக்கு ஓடினேன். பதற்றத்தில் போனை அணைப்பதற்குப் பதில் பாடத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். மாமா இரண்டாம் முறையும் உதாரணமானார்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கொலை இருந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணம் நின்றுபோனால் நான் எந்த ஊருக்கு ஓடுவது என்று யோசித்தேன்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு! முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க ஊட்லயும் ஒண்ணு இருக்குதுங்க" என்றார். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா மிக்சர் தட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"ஏனுங்க, பொண்ணு பாத்திரம் கழுவாட்டி என்னங்க? எம் பையன் கழுவட்டும். தேதி பாருங்க" என்றார் அந்த அம்மா.

நான் மாமாவிடம் போய், "மன்னிச்சுக்குங்க மாமா" என்றேன்.

அவர் கேட்டார்: "உள் ஒட்டுண்ணின்னு ஒண்ணு இருக்குதா?"

"இருக்குதுங்க மாமா. கொடலுக்குள்ள இருக்கும்."

"நல்லவேளை" என்றார்.

அக்காவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். எந்த விசேஷத்திலும், புதிதாகப் பார்க்கிறவர்களிடம் மாமா கும்பிட்டுத் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்கிறார்: "நான் தாய்மாமனுங்க. வெளி ஒட்டுண்ணி."